உப்புக் காற்றும் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியும்

பெற்றோல் எஞ்சின் இயங்குதற்குக் காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய அளவிலும் உரிய வேளையிலும் கூடுதல் வேண்டும் என்பது பழைய மாணவரும் தம் பள்ளிநாளிற் கற்றதொன்றே. அவ்வளவையும் வேளையையும் வகுக்கும் தொழிலை முன்னர்க் காபரேற்றரும் டிஸ்ரிபியூற்றரும் செய்தன. இன்று அதனைச் செய்வது நூலொன்றின் அளவினதாய ஒரு பெட்டி. கராஜ்களில் இதனை ‘ஈ.சி.எம்.’ என்பர், யாம் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி என வழங்குவாம். 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் மின்னணு முறையாற் பெற்றோல் செலுத்தும் அமைப்பை வொக்ஸ்வாகன் வண்டியிற் புகுத்தியது. 1979இல் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி ஆளும் அமைப்பு பி.எம்.டபிள்யூ. வண்டியில் வந்தது. டீசல் வண்டிகளுள்ளும் புதியன பெரும்பாலும் இன்று இத்தகைய பெட்டி உடையனவே.

தமிழ் கற்பிப்போர்க்கு இப்பொருளில் என்ன வேலை என வினவுவார் உளராயின், 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கியதை நினைவூட்டுவாம். கருவியின் பெயரைத் தமிழில் ஆக்கினாற் போதாது. அதன் இயக்கத்தையும் தமிழிற் சொல்லுதல் வேண்டும்.

நிற்க. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலம் முழுவதும் பழைய வண்டிகளே ஓடின. இன்றும் பெரும்பாலும் அவையே ஓடுகின்றன. கொட்பேயிலிருந்து தம்புள்ளைக்கு மீன் ஏற்றிச் செல்லும் லொறியொன்று ஹபரணைக் காட்டுவழியில் நின்றுபோமாயின், ஐஸ் உருகும் முன் அது புறப்படுதல் வேண்டும். அன்றேல் ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருவாய் நாறிப்போம். இந்நிலையிற் ‘பெட்டி போய்விட்டது, மாற்றவேண்டும்’ என்ற தீர்ப்பு எளிதாகக் கூறப்படுகின்றது. பெரும்பணம் கொடுத்து மாற்றிய பின்னரும் அதே குறை மீண்டும் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். பெட்டி பழுதாதல் அரிது. பெட்டிக்கு வரும் வழி பழுதாதலே பெரிது.

அதிலும் எம் ஊரின் இயல்பு கருதத்தக்கது. உப்புவெளி எனப் பெயர் வைத்த முன்னோர் பொருளறிந்தே வைத்தனர். வாடை வீசும் மாதங்களில் உப்பீரம் வயர் இணைப்பிகளுட் புகுகின்றது. மீன்லொறிகளிலோ ஐஸ் உருகிய உவர்நீரே மேலிருந்து சொட்டுகின்றது. இரும்பிற் கறலும் செம்பிற் களிம்பும் இதனால் ஏறும். செம்பிற் களிம்பு என்றவுடன் சைவசித்தாந்தம் பயின்றோர் ஆணவமலத்தின் உவமையை நினைப்பர். உவமை இங்கும் பொருந்தும்: வயரின் மேலுறை புதிதுபோல் மின்ன, உள்ளே இழைகள் பச்சையாகிப் பொடிந்திருக்கும். 2004 டிசம்பர் 26 கடல்கோளைப் போல உவர்நீர் புகுந்த வண்டிகளில், உலர்ந்த பின்னும் இவ்வரிப்பு மாதக்கணக்கில் மறைந்து வளரும்.

இனி, பழுதறியும் முறை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, குறியீடு வாசிக்கும் கருவிக்கும் பெட்டி மறுமொழி தரவில்லை எனின், பெட்டிக்கு மின் வரவில்லை என்றே முதலில் ஐயுறுக. ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். எஞ்சின் ஓடுகையில் 14 வோல்ற்றுக்கு அண்மையில் நிற்கும். பியூசையும் முதன்மை றிலேயையும் பார்த்து, பெட்டியின் முள்ளிலேயே அளந்து, மின் அங்குவரை வந்து சேர்கின்றதா என்று காண்க.

அடுத்தது புவித்தொடுப்பு. இங்கேதான் பலர் இடறுவர். வண்டியை நிறுத்திவைத்துத் தடையை அளப்பின், நூறு இழையுள் ஓரிழை எஞ்சியிருப்பினும் மானி ‘தொடர்பு உண்டு’ என்றே கூறும். ஓரிழைக் கயிற்றிற் சட்டை உலர்த்தலாம், வள்ளம் கட்டலாகாது. ஆதலின் எஞ்சின் ஓட, விளக்கும் விசிறியும் எரியவும் சுழலவும் விட்டு, மானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதைப் பெட்டியின் புவி முள்ளிலும் வைத்து வோல்ற்றளவை அளக்க. 0.1 வோல்ற்றுக்கு மிகுமாயின் வழியிற் களிம்பு உளது என்க.

உணரிகளுக்குப் பெட்டி 5 வோல்ற்று அனுப்பும். பல உணரிகள் ஒரே வழியைப் பகிர்வதால், ஒன்று குறுக்குற்றாலும் ஏனையவும் பொய் கூறும். குறியீடுகள் கூட்டமாகத் தோன்றும். பெட்டி பித்துற்றது போற் காணப்படும். உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதனைக் கழற்றியதும் 5 வோல்ற்று மீளுகின்றதோ அதுவே குற்றவாளி.

மின்னும் புவியும் செம்மை, உள்வரும் குறிகளும் செம்மை, எனினும் வெளிச்செல்லும் கட்டளை இல்லை. அல்லது பெட்டியின் உட்பழுதைச் சுட்டும் பி0601, பி0606 என்னும் குறியீடுகள் அழித்தும் மீள்கின்றன எனின், அப்பொழுதே பெட்டியைக் குறைகூறலாம். அப்பொழுதும் அது ஏன் கெட்டது என்று அறிதல் வேண்டும். குறுக்குற்ற தீப்பொறிச் சுருள் பழைய பெட்டியை எரித்திருப்பின் புதியதையும் எரிக்கும். பற்றரியைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் செய்தலும் பெட்டிக்குப் பகை. கூலர்ப் பெட்டி பொருத்துவோர் இதனைக் கருதுவாராக.

மாற்றுங்கால், பழைய பெட்டியின் பகுதி எண்ணும் புதியதன் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்தல் வேண்டும். உருவம் ஒத்திருந்தும் கியர் வகை வேறாயின் உள்ளிருக்கும் நிரலும் வேறாகும். திருட்டுத்தடுப்புள்ள வண்டிகளிற் சாவியின் குறியீட்டைப் புதிய பெட்டிக்கு அறிமுகஞ் செய்யாவிடின் எஞ்சின் தொடங்காது. கழற்றிய பெட்டி வாங்குவோர் விலை பேசுமுன் இதனைக் கேட்டறிக. நிரல் ஏற்றும்போது பற்றரிக்குத் துணைமின் கொடுத்தல் நன்று. நடுவில் வோல்ற்றளவு தாழ்ந்தாற் புதிய பெட்டியும் பயனற்றுப் போகும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே இணைப்பியைத் தொடுக. முட்களை விரலால் தீண்டற்க. ரப்பர் அடைப்பு கிழிந்திருப்பின் மாற்றுக. வயர்க்கற்றை இணைப்பியை அடையுமுன் சற்றே கீழே தொங்கி மேலேறும்படி கட்டுக; வழிந்து வரும் உவர்நீர் பெட்டிக்குட் புகாது அத்தொங்கலிற் சொட்டிவிடும்.