வானவழியும் கடிகாரமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நிற்போர்க்கு ஒருபுறம் சிறுமலையும், மேற்கே பழனி மலைத் தொடரும், இடையே பரந்த சமவெளியும் புலனாகும். பூட்டுக்கும் புகையிலைக்கும் பேர்பெற்ற இந்நகருக்கு 1875-ஆம் ஆண்டிலேயே இருப்புப் பாதை வந்துவிட்டது; வானூர்தி நிலையமோ இன்றளவும் இல்லை. சிங்கப்பூர் செல்ல விரும்புவோர் மதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ சென்றே வானூர்தி ஏறுதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வானவழித் தொலைவு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். பூவுருண்டையின்மேல் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அந்நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழியாகும். தட்டையான நிலப்படத்தில் அளவுகோல் வைத்து அளப்போர் சிறிது பிழைபடுவர்; நிலநடுக்கோட்டை விட்டு விலகி நெடுந்தொலைவு செல்லுந்தோறும் அப்பிழை பெருகும்.

இத்தொலைவை வானூர்தி ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. முற்காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் இவ்வழியில் நெடுங்காலம் ஓடியது. கப்பல் நாள்தோறும் புறப்படுவதன்று. தந்தை இறந்த செய்தி தந்தியில் ஒரே நாளில் வந்து சேரும். மகன் ஊர் வந்து சேர்வதற்குள் கருமாதியும் முடிந்துவிடும். இன்று செய்தி கேட்டவன் மறுநாளே வாயிலில் வந்து நிற்கிறான்.

எனினும், பயண நேரம் நான்கு மணி என்று நம்பி வீட்டை விட்டுப் புறப்படலாகாது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அதற்கு இரண்டு மணி நேரம். சோதனைகளுக்காக மூன்று மணி முன்னதாகவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். ஆக, வானத்தில் கழியும் நேரத்தைக் காட்டிலும் மண்ணில் கழியும் நேரமே மிகுதி!

இனிக் கடிகாரத்தின் செய்தி. காலை 10 மணிக்குத் திருச்சியில் புறப்படும் வானூர்தி, நான்கு மணி நேரம் பறந்து இறங்கும்போது சிங்கப்பூர்க் கடிகாரம் மாலை 4.30 காட்டும். அங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டுத் திரும்பினாலோ, இங்கே 11.30-க்கே இறங்கலாம். போகும்போது ஆறரை மணி, வரும்போது ஒன்றரை மணி என்று கணக்கிடுவோர் ஏமாறுவர். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படியே குறிக்கப்படுகின்றன.

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. திண்டுக்கல் 78-ஆம் பாகையிலும், சிங்கப்பூர் 104-ஆம் பாகையிலும் உள்ளன. கதிரவனை மட்டும் நோக்கினால் வேறுபாடு 104 நிமிடமே. ஆனால் இந்தியா 82½ பாகையைத் தன் நேரத்திற்கு அளவாகக் கொண்டது. சிங்கப்பூரோ 120 பாகைக்குரிய நேரத்தைக் கொண்டது. 37½ பாகைக்கு 150 நிமிடம். முன்பு இவ்வேறுபாடு இரண்டு மணியாகவே இருந்தது; 1982-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலேசியாவோடு ஒத்து நிற்கச் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிற்று. அங்கே காலை ஏழு மணியளவில்தான் பொழுது விடிவதற்குக் காரணமும் இதுவே.

திண்டுக்கல்லில் இரவு உணவை முடித்து, ஒன்பதரை மணிக்குத் தாய் ஒருத்தி மகனைத் தொலைபேசியில் அழைக்கிறாள். அங்கே அவனுக்கு நள்ளிரவு பன்னிரண்டு.