கடைக் கணக்கும் பிள்ளையின் புலமைப்பரிசிலும்

இந்தப் பத்தியில் வழமையாக விலை, இலாபம், இருப்பு, கடன் என்றுதான் எழுதி வருகிறேன். இந்த வாரம் பிள்ளைகளின் உயர்கல்விக்கு அரசாங்கம் வழங்கும் உதவிகளைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் வியாபாரக் கணக்கோடு சம்பந்தப்பட்ட விடயம்தான். எப்படி என்பதை எனது அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு எனது மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள்தான். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்காகக் குடும்ப வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அவர் கடைக்கே வந்தார். அந்நேரம் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். “முதலாளி, மாதம் எவ்வளவு வரும்?” என்று கேட்டார். குறைத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “மூன்று இலட்சம் போல ஓடும்” என்றேன். அவர் எழுதினார். நானும் வாசித்துப் பார்க்காமல் கையொப்பமிட்டேன்.

அந்த மூன்று இலட்சம் எனது வருமானமல்ல, விற்பனை. சாமான் வாங்கிய காசு, கடை வாடகை, வேலையாளின் சம்பளம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மகளுக்கு மகாபொல கிடைக்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் மாணவர் உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தபோதும் அதே தொகைதான் குறுக்கே நின்றது.

மாதா மாதம் லாச்சியிலிருந்து எடுத்து அவளுக்கு அனுப்பினேன். எது முதல், எது இலாபம் என்று லாச்சி சொல்லாது. அடுத்த நோன்பு சீசனுக்குச் சாமான் இறக்கக் கையில் காசு போதவில்லை. மொத்த வியாபாரியிடம் கூடிய விலைக்குக் கடனாக எடுத்தேன். அந்த சீசனில் எனக்கு மிஞ்சியது களைப்பு மட்டும்தான். மகளோ போட்டோ கொப்பிச் செலவுக்காகப் பின்னேரங்களில் சிறுபிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்து வந்திருக்கிறாள். அது இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. “ஏன் மகள் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “கடையில் சாமான் குறைந்திருந்ததைப் பார்த்தேன் வாப்பா” என்றாள்.

என்னென்ன உதவிகள் உள்ளன?

மகாபொல திட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இதனை உருவாக்கிய லலித் அத்துலத்முதலி அப்போது வர்த்தக, கப்பற்றுறை அமைச்சராக இருந்தார். நாட்டின் பல பாகங்களிலும் மகாபொல வர்த்தகக் கண்காட்சிகளை நடத்தி நிதி திரட்டினார்கள். 1981ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் மகாபொல நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. இதில் ஒரு பகுதி திறமைக்கும், பெரும்பகுதி குடும்ப வருமானத்தைப் பார்த்தும் வழங்கப்படுகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழியப்பட்டது. ஆண்டுக்குப் பத்துத் தவணை என்று வைத்தாலும் நான்கு வருடத்தில் மூன்று இலட்சம் ரூபா. ஒரு சிறு கடைக்கு இது ஒரு சீசனின் முதல்.

மகாபொல கிடைக்காத, வசதி குறைந்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ஊடாக “பேர்சரி” என்ற மாணவர் உதவிப்பணம் உண்டு. அதே வரவு செலவுத் திட்டத்தில் இது 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாக முன்மொழியப்பட்டது. 5ஆம் தரப் புலமைப்பரிசிலிலும் வருமானக் கணக்கு உண்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய எல்லாப் பிள்ளைக்கும் மாதப் பணம் கிடைப்பதில்லை. குடும்ப வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் அது உரியது.

விற்பனை வேறு, வருமானம் வேறு

அரச ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறது. வியாபாரிக்கு வாய்ச்சொல்தான் இருக்கிறது. ஆகவே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சில்லறைக் கடையில் நாளொன்றுக்கு 30,000 ரூபா விற்பனை. மாதத்தில் 26 நாள் திறந்தால் 7,80,000 ரூபா. நூற்றுக்குப் பதினைந்து வீதம் மொத்த இலாபம் என்றால் 1,17,000 ரூபா. இதில் வாடகை 25,000, வேலையாள் 35,000, மின்சாரம் 8,000, வண்டிக் கூலி 9,000, பழுதடைந்த சாமான் 5,000. ஆக 82,000 ரூபா செலவு. மிஞ்சுவது 35,000 ரூபா.

வருடத்துக்கு விற்பனை 93,60,000 ரூபா. வருமானம் 4,20,000 ரூபா. படிவத்தில் முதலாவதை எழுதினால் நீங்கள் செல்வந்தர். இரண்டாவதை எழுதினால்தான் நீங்கள் யாரென்பது தெரியும். ஆனால் வீட்டுக்கு எடுத்த அரிசி, சீனி, பால்மாவையும் வருமானத்தில் சேர்க்க வேண்டும். வீட்டு வாடகையோ காணி வருமானமோ இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இறைவரிக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒரு கணக்கு, கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கணக்கு என்று மூன்று கொப்பி வைத்திருப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். வசதி இருந்தும் குறைத்து எழுதி உதவி பெற்றால் அது அரசாங்கத்தை ஏமாற்றுவதோடு முடிவதில்லை. புலமைப்பரிசில்களின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. உங்கள் பிள்ளை எடுத்த இடம், தகப்பன் இல்லாத ஒரு பிள்ளைக்குரிய இடமாக இருக்கலாம். கூட்டிச் சொன்ன நான் என் பிள்ளையின் உரிமையை இழந்தேன். குறைத்துச் சொல்பவர் மற்றவர் பிள்ளையின் உரிமையை எடுக்கிறார்.

வட்டியில்லா மாணவர் கடன்

அந்த அனுபவத்துக்குப் பின் தினமும் கொப்பி எழுதத் தொடங்கினேன். எனது மகன் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்துவிட்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 2017ஆம் ஆண்டு அரசாங்கம் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தை ஆரம்பித்தது. அரசாங்கம் அங்கீகரித்த, அரசு சாராத உயர்கல்வி நிறுவனங்களில் பட்டப்படிப்பைத் தொடர இக்கடன் உதவுகிறது. ஆரம்பத்தில் பாடநெறிக் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா வரை வழங்கப்பட்டது. படிப்பு முடியும் வரை கடனைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை.

“உண்மையிலேயே வட்டியில்லையா?” என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். மாணவன் வட்டி செலுத்துவதில்லை. வட்டியை அரசாங்கம் வங்கிக்குச் செலுத்துகிறது. இதன் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நான் வியாபாரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 8 இலட்சத்தை 96 மாதங்களில் செலுத்துவதாக வைத்துக்கொண்டால் மாதம் 8,333 ரூபா. தொழில் கிடைத்த பிள்ளையால் அதைச் சமாளிக்க முடியும். அதே 8 இலட்சத்தைக் கடை முதலிலிருந்து எடுத்தால், அந்த முதல் சம்பாதித்துத் தந்த இலாபமும் அதோடு போய்விடும்.

ஆனால் கடன் கடன்தான். பிள்ளை படிப்பை இடையில் விட்டாலும் பொறுப்பு நீங்காது. பாடநெறிக்குத் தொழில் வாய்ப்பு உண்டா என்று விசாரிக்காமல் கையொப்பமிட வேண்டாம். வங்கி பிணையாளரின் வருமானத்துக்கு ஆதாரம் கேட்கும். மகனுக்காக நான் போனபோது எனது கொப்பியையும் வங்கிக் கூற்றுகளையும் காட்டினேன். இரண்டும் ஒத்துப்போயின. இன்று அவன் தன் சம்பளத்திலிருந்து தவணையைக் கட்டி வருகிறான். கடையின் முதலில் நான் கை வைக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விற்பனை, கொள்வனவு, கடைச் செலவு, வீட்டுக்கு எடுத்தது ஆகிய நான்கையும் இன்றிரவு முதல் ஒரே கொப்பியில் எழுதுங்கள். பிள்ளை உயர்தரம் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம்.

2. வாடகை, மின்சாரம், மொத்தக் கொள்வனவு ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளை வருட வாரியாகக் கோவையில் போடுங்கள்.

3. கிராம உத்தியோகத்தரைக் கடையில் வைத்து அவசரத்தில் சந்திக்காமல், கணக்கோடு அவரது அலுவலகத்துக்குப் போங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகுமுன் படிவத்தின் ஒவ்வொரு தொகையையும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

4. தகைமை, வருமான எல்லை, கடன் தொகை என்பன காலத்துக்குக் காலம் மாறும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சும் அந்தந்த வருடம் வெளியிடும் அறிவித்தலைப் பார்த்து, முடிவுத் திகதிக்கு முன் விண்ணப்பியுங்கள்.

5. உங்களுக்குத் தேவையில்லாவிட்டால், உங்கள் கடையில் வேலை செய்பவரின் பிள்ளைக்கு இந்தத் தகவலைச் சொல்லுங்கள். அவரது சம்பளக் கடிதத்தை உண்மையான தொகையோடு காலந்தாழ்த்தாமல் கொடுங்கள்.

மகள் இன்று ஆசிரியை. உயர்தர மாணவர்கள் விண்ணப்பம் நிரப்ப வந்தால் முதலில் அவர்களிடம் கேட்பாளாம், “வாப்பா சொன்னது விற்பனையா, வருமானமா?” என்று. நான் பிழைவிட்ட இடத்தில் இன்னொரு தகப்பன் பிழைவிடக் கூடாது என்பதற்காகவே அதை இங்கும் எழுதினேன்.