சீட்டாட்டமா, சூதாட்டப் பயிற்சியா?

மைசூரு மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கஞ்சிஃபா சீட்டுகளில் பல புது ஆட்டங்களை வகுத்தவர். சீட்டாடினால் நினைவாற்றலும் கணக்கும் வளரும். கவலை பந்தயத்தைப் பற்றித்தான். தசரா விடுமுறையில் பிள்ளைகள் கைபேசியில் ரம்மி, தீன் பத்தி, போக்கர் ஆடினால் இவற்றைக் கவனியுங்கள்:

• முதலில் நீங்களே பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். சிப்ஸ் எனும் பந்தய வில்லைகளைக் கட்டினால்தான் சீட்டு விழுமா? அப்படியானால் பணமே இல்லாவிட்டாலும் பழகுவது பந்தயம்தான்.

• சிப்ஸ் தீர்ந்ததும் ‘வாங்குங்கள்’ என்று திரை கேட்கிறதா? அந்தச் செயலியை உடனே நீக்கிவிடுங்கள்.

• தினமும் இலவச சிப்ஸ், பரிசுச் சக்கரம் என்று வந்தால், அது பிள்ளையை மறுநாளும் இழுக்கும் உத்தி.

• பதிவிறக்கும் முன் வயது வரம்பைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் முதல், சூதாட்டம் போன்ற புது விளையாட்டுகளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

• ஜெயித்ததைப் பணமாக எடுக்கலாம் என்கிறதா? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுவதும் தடை செய்துள்ளது.

• எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரில் அமைத்துவையுங்கள்.

• தடுப்பதோடு நிற்காதீர்கள். ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, ‘கழுதை’ ஆட்டத்துக்குப் பிள்ளைகளோடு உட்காருங்கள்.