சொல் அறிவோம்: யூசுபிரக்ற்

காணி வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டிய, ஆனால் பலரும் கேள்விப்படாத ஓர் ஆங்கிலச் சொல்லை இம்முறை படிப்போம். அது 'யூசுபிரக்ற்'.

பிறப்பு: இது இலத்தீனிலிருந்து வந்தது. 'ஊசுஸ்' என்றால் பயன்படுத்தல். 'புறுக்துஸ்' என்றால் பலன். நாம் அறிந்த 'யூஸ்', 'புறூட்' என்பனவும் இவற்றின் வழி வந்தவையே. இரண்டையும் சேர்த்து நினைத்தால் சொல் மறக்காது.

பொருள்: பிறருக்கு உடைமையான ஒன்றை, அதன் மூலத்துக்குக் கேடு செய்யாமல் பயன்படுத்தி, பலனை அனுபவிக்கும் உரிமை. உரோமருடைய இச்சட்டக் கருத்து உரோம டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கும் வந்தது. நமது உறுதிகளில் வரும் 'சீவிய உரித்து' இதன் ஒரு வகையே.

உதாரணம்: ஒரு தாய் தன் தென்னங்காணியை மகளுக்கு நன்கொடை உறுதி மூலம் எழுதுகிறார், சீவிய உரித்தைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறார். காணி மகளுடையது. ஆயினும் தாய் உயிரோடிருக்கும்வரை வளவில் குடியிருக்கலாம். தேங்காய் பறித்து விற்கலாம். காய்க்கும் தென்னைகளைத் தறித்து விற்க முடியாது. காய் பலன், மரம் மூலம்.

அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் தாயின் நிலை என்ன? காணியின் முழு உரிமையும் மகளிடம் போய்விடும். பின்னர் தாய் அங்கே இருப்பது மகளின் மனத்தைப் பொறுத்ததாகிவிடும். ஆகவே நொத்தாரிசு உறுதியை வாசிக்கும்போது இவ்வரி உண்டா என்று கேளுங்கள். வாசித்து விளங்கிய பின்பே கையொப்பமிடுங்கள்.

வழக்கு: ஆங்கிலத்தில் 'த யூசுபிரக்ற் ஒவ் த லான்ட்' என்பர். உரித்தை அனுபவிப்பவர் 'யூசுபிரக்சுவரி'. சட்டத்துக்கு வெளியேயும் இச்சொல் வழங்கும். அமெரிக்காவின் தோமஸ் ஜெபர்சன் 1789இல் எழுதிய கடிதமொன்றில், இந்தப் பூமி வாழ்வோருக்கு இவ்வகை உரித்தாகவே உள்ளது என்ற கருத்தில் இதைக் கையாண்டார்.

பயிற்சி: விடையை மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

1. மேற்சொன்ன தாய் காணியை முழுவதாக விற்கலாமா?
2. தன் சீவிய உரித்தை மரணசாசனத்தில் மகனுக்கு எழுதிவைக்கலாமா?
3. விழுந்த ஓலையைப் பின்னி விற்கலாமா?

விடைகள்: 1. முடியாது, உடைமை மகளுடையது. 2. முடியாது, அவ்வுரித்து அவருடைய சீவியத்தோடு முடியும். 3. ஆம், ஓலையும் பலனே.

வீட்டில் பழைய உறுதி இருந்தால் இன்றே எடுத்து, 'சீவிய உரித்து' எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.