தொற்றுக் காலத்தில் வதந்தியும் ஒற்றுமையும்: சித்தூர், திருப்பதி தரும் பாடம்

கொள்ளைநோய்க் காலத்தில் செய்தியும் மருந்தைப் போன்றதே. தரம் தவறினால் தீங்கு விளைவிக்கும். நோய்த் தொற்றுடன் பொய்ச் செய்திகளின் தொற்றையும் எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. இதன் பொருளை அன்றைய சித்தூர் மாவட்டம் அதே மாதத்தில் உணர நேர்ந்தது.

அச்சத்தின் விலை

காளஹஸ்திப் பகுதி 2022இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் குடும்பத் தலைவர் ஒருவர், கைப்பேசியில் கொரோனா பற்றிய காட்சிகளைத் தொடர்ந்து கண்டு, தமக்கும் அந்நோய் வந்துவிட்டதாக நம்பினார். மருத்துவர்கள் கண்டறிந்ததோ வேறொரு தொற்று. எனினும் எவரையும் தம்மை நெருங்கவிடாத அவர், இறுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆந்திரப் பிரதேசத்தின் முதல் நோயாளி நெல்லூரில் கண்டறியப்பட்டதே மார்ச் 12ஆம் நாள்தான். நோய் வருமுன்பே அச்சம் ஓர் உயிரைக் கொண்டுவிட்டது.

கோழி இறைச்சியால் நோய் பரவும் என்ற வதந்தியும் அதே வாரங்களில் பரவியது. நாடெங்கும் கோழி விலை வீழ்ந்தது. பண்ணையாளர்களுடன் தீவனத்திற்கென மக்காச்சோளம் பயிரிட்ட உழவர்களும் நட்டமடைந்தனர்.

பிளவின் விலை

மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் கூட்டத்திற்குப் பின், நோய்ப் பரவல் ஒரு சமயத்தவரின் சதியாகச் சமூக ஊடகங்களில் சித்திரிக்கப்பட்டது. அதில் பங்கேற்ற வெளிநாட்டவர் பலிகடாவாக்கப்பட்டிருக்கலாம் எனப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஆகஸ்டில் கருதியது. பழிக்கு அஞ்சுவோர் நோயை மறைப்பர். மறைக்கப்பட்ட நோய் சமயம் பார்த்துப் பரவுவதில்லை.

பன்முறை பகிரப்பட்ட செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப இயலும் என்று வாட்ஸ்அப் ஏப்ரல் 7ஆம் நாள் வரம்பிட்டது. இது வதந்தியின் வேகத்தைக் குறைக்கும், நம்பிக்கையை வளர்க்காது.

கண்கண்ட சான்று

நம்பிக்கை வளர்ந்த வழியைத் திருப்பதி காட்டியது. நோயால் இறந்தோரின் உடலை நெருங்க உறவினரும் அஞ்சியபோது, அன்றைய சட்டமன்ற உறுப்பினர் பூமன கருணாகர ரெட்டி இறுதிச் சடங்குகளில் நேரில் பங்கேற்றார். முஸ்லிம் தொண்டர்கள், இந்துக்கள் உள்ளிட்ட பலரின் உடல்களைச் சுமந்து இறுதிக் கடன் ஆற்றினர். பழி சுமத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்களே பிறர் கைவிட்ட கடமையை ஏற்றனர். இச்செய்தியையும் படங்களையும் மக்களிடம் கொண்டுசென்றவற்றுள் கைப்பேசியும் ஒன்று.

பாடம்

ஒரே கருவி ஓரிடத்தில் அச்சத்தையும் மற்றோரிடத்தில் அன்பையும் பரப்பியது. வேறுபாடு, செய்திக்குப் பின்னால் ஊரறிந்த மனிதர் நின்றாரா என்பதே. மருத்துவமனையில் கூறப்பட்ட உண்மை அக்குடும்பத் தலைவரின் அச்சத்தைப் போக்கவில்லை. அந்த உண்மையை வீட்டு வாயில்வரை கொண்டுசென்று, அவர் தெளியும்வரை உடனிருக்க ஒருவர் தேவைப்பட்டார். ஆஷா பணியாளர், ஆசிரியர், அனைத்துச் சமயப் பெரியோர் ஆகியோரைக் கொண்ட குழுக்களை ஊர்தோறும் அமைத்துப் பயிற்றுவித்தல் வேண்டும். இப்பணி அடுத்த தொற்று வருமுன்பே முடிய வேண்டியதாகும்.