எல்லாம் ஒரே பெட்டியில்: வாங்குமுன் யோசிக்க, வாங்கியபின் செய்ய

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை



டிப்ளமா முடித்து வெளியே போகும் நம்மில் பலர், மதுரையிலோ பக்கத்து ஊர்களிலோ ஒரு ஆஸ்பத்திரியில், மில்லில், கூட்டுறவு சங்கத்தில் "கம்ப்யூட்டர் பார்த்துக்கிற தம்பி"யாகத்தான் வேலையைத் தொடங்கப் போகிறோம். அங்கே ஒருநாள் முதலாளி நம்மைக் கூப்பிட்டு, "பழைய சர்வருக்கெல்லாம் வயசாயிருச்சு. விற்க வந்தவர் எல்லாம் ஒரே பெட்டியில் வருதுங்கிறார். வாங்கலாமா தம்பி?" என்று கேட்பார். பல லட்ச ரூபாய் சமாச்சாரம். அதற்கு என்ன பதில் சொல்வது, வாங்கினால் எப்படி நிறுவுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே பெட்டி என்றால் என்ன?

டேட்டா சென்டரில் முக்கியமாக மூன்று உறுப்புகள்: கணக்குப் போடும் சர்வர், தகவலைச் சேமிக்கும் ஸ்டோரேஜ், இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க். முன்பு இவற்றைத் தனித்தனியாக, மூன்று கம்பெனிகளிடம் வாங்கினார்கள். ஏதாவது பழுதானால் சர்வர்காரர் ஸ்டோரேஜைக் கைகாட்டுவார், ஸ்டோரேஜ்காரர் நெட்வொர்க்கைக் கைகாட்டுவார். நடுவில் மாட்டிக்கொள்வது நம்மைப் போன்ற ஆள்தான்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் கன்வர்ஜ்டு அமைப்பு. 2009-ல் சிஸ்கோவும் இ.எம்.சி.யும், வி.எம்.வேர், இன்டெல் ஆகியவற்றின் பங்களிப்போடு கூட்டுச் சேர்ந்து வி-பிளாக் என்ற அமைப்பைக் கொண்டுவந்தன. 2010-ல் சிஸ்கோவும் நெட்ஆப்பும் ஃபிளெக்ஸ்பாட் என்பதை அறிவித்தன. பொருட்கள் பழையவைதான். ஆனால் ஒன்றோடொன்று பொருந்துமா என்று முன்கூட்டியே சோதித்து, ஒரே ரேக்கில் அடுக்கித் தருவார்கள். கல்யாணச் சீருக்குப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்காமல் செட்டாக வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தது ஹைப்பர் கன்வர்ஜ்டு. இதில் ஸ்டோரேஜ் என்று தனிப் பெட்டியே கிடையாது. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இருக்கும் டிஸ்குகளை ஒரு மென்பொருள் சேர்த்து, ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டும். 2009-ல் தொடங்கிய நுட்டானிக்ஸ் கம்பெனி இதில் முன்னோடி. 2014-ல் வி.எம்.வேரின் வி-சான் வந்தது.

கிணற்றைப் பார், அப்புறம் மோட்டார்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வீட்டில் யாரிடமும் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க முடியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் மேலூர் பக்கத்தில் எந்த விவசாயியும் கடைக்காரர் சொன்ன ஹெச்.பி.யை அப்படியே வாங்கிவிட மாட்டார். கிணறு எத்தனை அடி, கோடையில் தண்ணீர் எதுவரை இறங்கும், எவ்வளவு தூரம் பாய வேண்டும் என்று பார்த்த பிறகுதான் மோட்டார். எங்க அப்பா செய்வதும் அதுதான். சர்வர் வாங்கவும் இதே அறிவுதான் வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நடுத்தர ஆஸ்பத்திரிக்கு 20 மெய்நிகர் சர்வர்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் 4 மெய்நிகர் சி.பி.யு., 16 ஜி.பி. நினைவகம், 200 ஜி.பி. இடம். ஆக மொத்தம் 80 சி.பி.யு., 320 ஜி.பி. நினைவகம், 4 டி.பி. தகவல். இதற்கு மூன்று சர்வர்கள் கொண்ட ஹைப்பர் கன்வர்ஜ்டு அமைப்பை எடுத்துக்கொள்வோம்.

ஒரு சர்வர் படுத்தாலும் மீதி இரண்டும் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். ஆகவே நினைவகத்தை மூன்றால் வகுக்கக் கூடாது, இரண்டால் வகுக்க வேண்டும். 160 ஜி.பி. வரும். ஸ்டோரேஜ் மென்பொருளுக்கு 32 ஜி.பி. ஒதுக்கினால் 192. வளர்ச்சிக்கும் சேர்த்து 256 ஜி.பி. என்று கேட்கலாம். ஒரு கோருக்கு நான்கு மெய்நிகர் சி.பி.யு. என்று கொண்டால் 20 கோர்கள் போதும். அதுவும் இரண்டு சர்வரில் அடங்க வேண்டும் என்பதால் சர்வருக்கு 10. சர்வருக்கு 16 கோர் வாங்கினால் நிம்மதி.

இடக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தகவலை இரண்டு பிரதியாக வைப்பதால் 4 டி.பி. என்பது 8 ஆகிறது. ஒரு சர்வர் போனால் அந்த 8-ம் மீதி இரண்டில் அடங்க வேண்டும், அதாவது ஒன்றுக்கு 4. டிஸ்கை 70 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருக்க, சர்வருக்கு ஏறக்குறைய 6 டி.பி. வேண்டும். ஆக 4 டி.பி. தகவலுக்கு மொத்தம் 18 டி.பி. டிஸ்க்! விலைப்பட்டியலில் "18 டி.பி." என்று பார்த்து மயங்குபவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று: சில மென்பொருட்கள் மூன்றில் ஒன்று போனால் இரண்டாவது பிரதியை மீண்டும் உருவாக்காது, அதற்கு நான்காவது சர்வர் வேண்டும். இதை வாங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எது யாருக்கு?

தனி நிபுணர் இல்லாத, சர்வரும் இடமும் ஒரே வேகத்தில் வளரும் இடத்துக்கு ஹைப்பர் கன்வர்ஜ்டு ஏற்றது. ஸ்கேன் படங்கள், கேமரா பதிவு என்று இடம் மட்டுமே பெருகும் இடத்தில், டிஸ்குக்காக முழு சர்வரையும் அதன் லைசென்ஸையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். அங்கே ஸ்டோரேஜ் தனியாக இருக்கும் கன்வர்ஜ்டு அமைப்பே மேல். நாலைந்து மெய்நிகர் சர்வர் மட்டும் ஓடும் சின்ன இடத்துக்கு இரண்டு சாதாரண சர்வரும் ஒழுங்கான பேக்கப்பும் போதும். அங்கே போய் "பெட்டி வாங்குங்க சார்" என்று சொல்வது நமக்கு அழகல்ல.

செட்டாக வாங்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. செட்டு போட்டவர் கடையை மாற்றினால் நம் பாடு திண்டாட்டம். 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் என்றும் நமக்கே என்றிருந்த லைசென்ஸ் விற்பனை நின்று, சந்தா முறை வந்தது. அதே 2023-ல் சிஸ்கோ தன் ஹைப்பர்ஃபிளெக்ஸ் பெட்டியின் விற்பனையை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஆகவே இன்றைய விலையை மட்டும் கேட்காதீர்கள். ஐந்தாவது, ஏழாவது வருடத்தில் சந்தா எவ்வளவு, வேறு அமைப்புக்கு மாற வழி என்ன என்றும் கேளுங்கள். "4 மணி நேரத்தில் பார்ட்ஸ் வரும்" என்றால், குடோன் எந்த ஊரில் என்று கேளுங்கள். சென்னை என்றால் ரோடு வழியே 450 கிலோமீட்டருக்கு மேல். நாலு மணி நேரத்தில் எப்படி வரும்?

நிறுவும்போது: கரண்டும் காற்றும்

மூன்று சர்வரும் இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து சுமார் 2.1 கிலோவாட் இழுக்கும் என்று கொள்வோம். இழுக்கும் மின்சாரம் அவ்வளவும் கடைசியில் வெப்பம்தான். 1 டன் ஏ.சி. சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். எனவே கணக்குப்படி 0.6 டன் போதும். ஆனால் மதுரை மே மாதத்து மொட்டைமாடி வெப்பத்தையும் யூ.பி.எஸ். வெப்பத்தையும் சேர்த்து, 1.5 டன்னில் இரண்டு ஏ.சி. வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை.

யூ.பி.எஸ். கணக்கு: 2.1 கிலோவாட்டை 0.9 பவர் ஃபேக்டரால் வகுத்தால் 2.33 கே.வி.ஏ. முக்கால் பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்றால் 3.1. ஆக 5 கே.வி.ஏ. எடுக்கலாம். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை இருப்பதால் இரண்டு யூ.பி.எஸ். வைத்து, ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்குமாறு பார்க்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பேட்டரியை இரண்டு மணி நேரத்துக்கு வாங்கிவிட்டு ஏ.சி.யை வெறும் இ.பி. லைனில் விட்டுவிடுவார்கள். கரண்ட் போனதும் சர்வர் ஓடும், ஏ.சி. நிற்கும். மூடிய அறை அடுப்பாகிவிடும். எனவே ஜெனரேட்டர் எடுத்ததும் முதலில் ஏ.சி. ஓட வேண்டும். ஜெனரேட்டர் இல்லாவிட்டால், பதினைந்து நிமிடத்தில் சர்வர்கள் ஒழுங்காகத் தானே அணையுமாறு அமைத்துவிடுங்கள்.

ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுமுன், கம்பெனி என்ஜினியரை வைத்துக்கொண்டே ஒரு பவர் கேபிளை உருவுங்கள். பிறகு ஒரு ஸ்விட்சை அணையுங்கள். பிறகு ஒரு முழு சர்வரை. ஒவ்வொரு முறையும் வேலை நின்றதா, எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுங்கள். அன்று உருவத் தயங்கினால், பின்னால் நடுராத்திரியில் அதுவே உருவிக்கொள்ளும்.

இரண்டு பிரதி என்பது பேக்கப் அல்ல

தவறுதலாக அழித்தால் இரண்டு பிரதியும் ஒன்றாகவே அழியும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்த சைபர் தாக்குதலில் ஐந்து சர்வர்களும் சுமார் 1.3 டி.பி. தகவலும் பாதிக்கப்பட்டன. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. பாதிப்படையாத பேக்கப் சர்வர் ஒன்று இருந்ததால் மருத்துவமனைத் தகவல் மீண்டது. ஆனாலும் பல நாட்கள் நோயாளிகள் கையெழுத்துச் சீட்டோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் யூ.பி.எஸ். பேட்டரி தீப்பிடித்து 709 அமைப்புகள் நின்றன. அதில் அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டி.பி. தகவலுக்கு வெளியே பேக்கப்பே இல்லை; போயே போயிற்று.

ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். நம் மாநில அரசும் சென்னை பெருங்குடியில் தரவு மையத்தையும், திருச்சியில் அதன் பேரிடர் மீட்பு மையத்தையும் வைத்திருப்பது இதற்காகத்தான். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நமக்கு வேலை இருக்குமா?

"எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிட்டால் டிப்ளமாக்காரனுக்கு என்ன வேலை?" என்று ஹாஸ்டலில் அடிக்கடி பேச்சு வருகிறது. நியாயமான பயம்தான். கேபிள் இழுத்து, மூன்று கம்பெனிப் பொருளை இணைக்கும் வேலை குறைந்துவிட்டது உண்மை. ஆனால் மேலே சொன்னவற்றை மீண்டும் பாருங்கள். சுமையை அளப்பது, ஏ.சி., யூ.பி.எஸ். கணக்கு, உருவிச் சோதிப்பது, பேக்கப்பைத் திறந்து பார்ப்பது இவற்றில் எதையும் பெட்டி தானாகச் செய்யாது. விற்பவர் செய்ய மாட்டார், முதலாளிக்குத் தெரியாது. அந்த இடம்தான் நம்முடையது.

கற்றுக்கொள்ளப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் மூன்று, ஒரு ஸ்விட்ச், கம்ப்யூட்டருக்கு ஒரு டிஸ்க் கூடுதலாக இருந்தால் போதும். புராக்ஸ்மாக்ஸ், செஃப் என்ற இலவச மென்பொருட்களைக் கொண்டு சின்ன ஹைப்பர் கன்வர்ஜ்டு அமைப்பையே நாம் கட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றை அணைத்து, என்ன நடக்கிறதென்று கண்ணால் பாருங்கள். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. சேர விரும்பும் ஜூனியர் தம்பி தங்கைகள் துறை ஆய்வகத்தில் எங்களைச் சந்திக்கலாம்.