கடல் கடக்கும் முன் பணம் மாற்றுதல்

மாணவியரே, மிளகு விற்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்நியச் செலாவணிப் பாடம் எளிதில் விளங்கும். சோளக்காட்டுச் சந்தையில் வியாபாரி நம் மிளகை ஒரு விலைக்கு வாங்கி, மலைக்குக் கீழே அதையே கூடுதல் விலைக்கு விற்கிறார். வங்கியும் டாலர், ரியால், திர்ஹாம் முதலியவற்றைச் சரக்கைப் போலவே வாங்கி விற்கிறது. ஆகவே விலைப் பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலை இருக்கும். குறைந்தது வங்கி வாங்கும் விலை. கூடியது விற்கும் விலை. வெளிநாடு செல்கிறவர் கொடுக்கவேண்டியது கூடிய விலையே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டாலரை வங்கி 84 ரூபாய்க்கு வாங்கி 87 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 டாலருக்கு 43,500 ரூபாய் கொடுக்கிறோம். பயணம் நின்றுபோய், அதே விலையில் திருப்பிக் கொடுத்தால் கிடைப்பது 42,000. வீட்டை விட்டு நகராமலே 1,500 ரூபாய் போய்விட்டது! வரியும் கட்டணமும் வேறு. வாங்கிய பணத்தை 60 நாளுக்குள் பயன்படுத்தாவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே தரகர் நாள் குறித்துவிட்டார் என்பதற்காக அவசரப்படவேண்டாம். விசாவும் பயணச்சீட்டும் கைக்கு வந்தபின் மாற்றினால் போதும்.

துபாய்க்குச் செவிலியராகப் போகும் பெண் இங்கே டாலர் வாங்கி, அங்கே அதைத் திர்ஹாமாக்கினால் இரண்டு இடத்தில் லாபம் கொடுக்கிறாள். முடிந்தவரை திர்ஹாமாகவே கேட்கவேண்டும். அந்நாட்டு அரசு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாக வைத்திருப்பதால், ரூபாய்க்கு எதிராக டாலர் ஏறினால் திர்ஹாமும் ஏறும்.

எல்லா வங்கிக் கிளையிலும் வெளிநாட்டு நோட்டு இருக்காது. தேவனூர் நாட்டிலிருந்து எழுபது வளைவும் இறங்கி நாமக்கல்லோ சேலமோ போய் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க, முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு, பான் அட்டை இவற்றைக் கொண்டுபோகவேண்டும். ரூபாயை ரொக்கமாகக் கொடுப்பதானால் 50,000-க்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் காசோலை அல்லது வங்கிக் கணக்கு வழியாகத்தான். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் வரையே நோட்டாகப் பெறலாம். நோட்டைக் கொண்டுவந்து காத்து வைக்கும் செலவு சேர்வதால் அதன் விலை சற்று அதிகம். முதல் சில நாள் செலவுக்கு நோட்டும், மீதிக்கு வங்கி தரும் பயண அட்டையும் போதும். கிறுக்கலோ கிழிசலோ உள்ள நோட்டை அங்கேயே மாற்றிக் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாலையோரம் நல்ல விலை தருவதாகக் கூப்பிடுகிறவர் ரசீது தருவதில்லை. நோட்டு கள்ளநோட்டானால் கேட்க ஆளும் இல்லை.

இத்தனை விதிகளா என்று மலைக்கவேண்டாம். 1970-களில் அமெரிக்கா சென்ற மாணவர் பலர் கையில் எட்டே டாலருடன் போய் இறங்கினார்கள். நாட்டில் அந்நியச் செலாவணி அவ்வளவு அரிதாக இருந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதியை மீறுவது குற்றமாகி, சிறைவரை போகலாயிற்று. அதற்குப் பதிலாக வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்லா வகையிலும் சேர்த்து 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்.

பலர் மறந்துவிடுவது ஊரிலுள்ள பழைய சேமிப்புக் கணக்கை. வேலைக்காக வெளிநாடு சென்றவர் அதைச் சாதாரணக் கணக்காகவே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு என்று ஒன்று உண்டு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை; வேண்டும்போது பணத்தை மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். மகள் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், தாயோ தந்தையோ உள்ளூர்ச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். அதற்கான படிவங்களைப் பணம் மாற்றப் போகும் அன்றே வங்கியில் கேட்டு வாங்கிவிட்டால், இன்னொருமுறை மலை இறங்கவேண்டியதில்லை.